தொண்டைமானாற்றில் இருந்தபடியே சாகசப் பயண எழுத்தாளராவது எப்படி?

கூடாரம், முதுகுப்பை, ட்ரோன் எல்லாம் வாங்க இன்னும் நாளிருக்கிறது. இந்தத் தொழிலுக்கு முதலில் பழக வேண்டியது வீட்டில் வாய்திறக்காமல் இருப்பது. நான் அந்தப் பாடத்தைப் பிந்தித்தான் படித்தேன். ஏ.எல். முடிவு வந்த கிழமை குசினிக்குள் போய், "பயணம் போறதையே தொழிலாச் செய்யப்போறன்" என்று சொன்னேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஏஜென்சிக்காரன் எவ்வளவு கேக்கிறான்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் 'பயணம்' என்றால், காசு கட்டி, பாஸ்போட்டைக் கையளித்து, முன்பின் தெரியாத நாட்டில் ஓர் அறைக்குள் பதினைந்து பேரோடு மாதக்கணக்காகப் படுத்துக் கிடந்து, கடைசியில் பனியிலோ கடலிலோ எல்லை கடப்பது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை அங்கத்தைய மீனவர்கள் கரைசேர்த்தார்கள். 2010இல் 'சன் சீ' என்ற பழைய கப்பலில் 492 பேர் பசிபிக்கைக் கடந்து பிரிட்டிஷ் கொலம்பியாவில் இறங்கினார்கள். இதில் பத்திலொரு பங்கு அல்லலைப் பட்டவனுக்கே மேல்நாட்டுச் சஞ்சிகைகள் அட்டைப்படம் போடும். எங்களுக்குத் தெரிந்து அப்படிப் போய்ச் சேர்ந்த சித்தப்பாக்கள் ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி எடுத்தால் கேட்பது, "அங்கை மழை கண்டதே?" என்பது மட்டுந்தான். கடல் எப்படி இருந்தது என்று நாங்களும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

ஆகவே 'பயண எழுத்தாளர்' என்று எவரிடமும் உங்களை அறிமுகம் செய்யாதீர்கள். 'சுற்றுச்சூழல் பத்திரிகையாளர்' என்றால் கொஞ்சம் பரவாயில்லை. கேட்பவர் உங்களைச் சுகாதாரப் பரிசோதகர் என்று நினைத்து, பக்கத்து வளவுக்காரர் வேலியோரம் குப்பை கொட்டுவதைப் பற்றி முறைப்பாடு சொல்லுவார். குறித்துக்கொள்ளுங்கள்; பிற்காலத்தில் செய்தி இல்லாத கிழமைக்கு உதவும். கலியாணத் தரகர் வந்தால் மட்டும் 'எழுதுவினைஞர்' என்று சொல்லலாம். முழுப் பொய்யும் இல்லை. எழுதுகிறோம், வினையும் படுகிறோம்.

அடுத்தது தளம். பேர்போன சாகச எழுத்தாளர்கள் காத்மண்டுவில் அறை எடுத்து வைத்திருப்பார்கள். நீங்கள் தொண்டைமானாற்றை விட்டு நகர வேண்டாம். ஏனென்றால் இந்த ஊரின் பெயரே ஒரு துணிந்த புளுகு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அடியில் சுண்ணக்கல், பெய்கிற மழையை ஓடவிடாமல் குடித்துவிடும். அப்படியிருக்க ஊரின் பெயரில் ஆறு ஓடுகிறது. உள்ளபடி இது கடல்நீரேரி. வடமராட்சிக்கு உட்புறமாகத் தென்கிழக்கே முப்பது கிலோமீற்றர் அளவுக்கு நீண்டு கிடக்கும் உவர்நீர் இங்கே தொடுவாய் திறந்து கடலில் விழுகிறது.

முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான், கரணவாய்ப் பக்கத்தில் விளைந்த உப்பை மரக்கலத்தில் ஏற்றிப்போக இதை வெட்டி ஆழமாக்கினான் என்பது பழங்கதை. கலிங்கத்துப்பரணியில் கலிங்கத்தை வென்ற அதே தொண்டைமான். அங்கே தலைகளை எண்ணி முடித்த கையோடு இங்கே உப்பு அள்ள வந்திருக்கிறார். சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எங்கே என்று கேட்க அப்போது ஆளில்லை. நான் கேட்டேன். அதுதான் என் முதற்கட்டுரை: 'சோழர்காலச் சூழல் மோசடி'. ஆசிரியர் அதைச் சரித்திரப் பக்கத்துக்குத் தள்ளினார். சரித்திரப் பக்கக்காரர் ஆன்மீகப் பக்கத்துக்குத் தள்ளினார். அங்கே வெளிவந்தது, முருகன் படத்தோடு. அம்மா வெட்டிச் சாமியறையில் ஒட்டினார். தொடக்கம் என்ற வகையில் மோசமில்லை.

தகைமை பற்றிக் கவலைப்படுகிறீர்களா? ஊரிலேயே வெளிக்கள நிலையம் இருக்கிறது. வடக்கில் விஞ்ஞானம் படித்த எவரும் 'தொண்டைமானாறு வெளிக்கள நிலையம்' என்ற பெயரைக் கேட்டால் இன்றைக்கும் ஒருதரம் எச்சில் விழுங்குவார்கள். பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சேற்றில் இறங்கி, நண்டையும் பாசியையும் கண்ணால் கண்டு படிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த நிலையம். ஆனால் புகழ் வந்தது அதன் மாதிரி வினாத்தாளுக்கு. வவுனியாவில் இருக்கிற பிள்ளை இந்த ஊரை வரைபடத்தில்கூடத் தேடியிராது. ஆனாலும் வருடத்தில் சில தடவை தொண்டைமானாற்றில் தாழ்ந்து எழும்பும். "தொண்டைமானாறில எத்தினை?" என்றால் எத்தனை புள்ளி என்று அர்த்தம். பெயரைக் கேட்டதும் இளசுகள் அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்துவிடுகிற வெளிக்களம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். கண்டல் தாவரம் பற்றிய கேள்விக்கு எனக்கு முழுப்புள்ளி. கண்டலை நேரில் அடையாளம் கண்டது ஆறு வருடம் கழித்து, அதன் வேரில் தடக்கி விழுந்தபோது.

சாகசத்தைக் கண்டுபிடித்தல்

இது கடினமான கட்டம். சாகசம் என்ற சொல்லே வடமராட்சியில் புழங்குவதில்லை. அதற்குச் சரிநேரான சொல் 'விசர் வேலை'. விசர் வேலை எங்கே நடந்தது என்று விசாரித்தால்தான் சரக்குக் கிடைக்கும்.

1954இல் இந்த ஊரவரான மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையில் கடலில் இறங்கி, 27 மணித்தியாலம் நீந்தி, கோடியக்கரையில் ஏறினார். பாக்குநீரிணையை நீந்திக் கடந்த முதல் ஆள் அவர். அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறையில், பக்கத்து வல்வெட்டித்துறையின் வி. எஸ். குமார் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரில் இறங்கி, தனுஷ்கோடியைத் தொட்டு, நிற்காமல் திரும்பி வந்தார், 51 மணித்தியாலம். கின்னஸ் புத்தகத்தில் ஏறினார், ஆழிக்குமரன் என்று பெயர்பெற்றார், 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் நீந்திக்கொண்டிருந்தபோது உயிர்விட்டார். இருபத்தேழு மணித்தியாலம் என்பதை நான் எழுதி முடிக்க அரை நிமிடம் பிடிக்கவில்லை. எழுதியபின் ஒரு பிளேன்ரீயும் குடித்தேன். தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கை மனதில் வையுங்கள்.

இன்னும் தெளிவாக விளங்க வேண்டுமென்றால் அன்னபூரணியின் கதையைப் படிக்க வேண்டும். வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் 32 அடிப் பாய்வள்ளத்தில் 1928இல் புறப்பட்டு 1931இல் உலகத்தைச் சுற்றி முடித்து, அதைப் புத்தகமாக்கிப் பேரெடுத்தவர். சாகசப் பயண எழுத்தாளர் என்றால் அவர்தான் அசல். அவருக்கு வல்வெட்டித்துறையில் கட்டிய ஒரு பாய்க்கப்பலில் கண் விழுந்தது. வாங்கினார். அன்னபூரணி என்ற பெயரை எடுத்துவிட்டு மனைவியின் பெயரை வைத்தார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதை அரபிக்கடல், சுயெஸ், மத்தியதரை, அத்திலாந்திக் என்று ஓட்டிப்போய் 1938 ஓகஸ்டில் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் கட்டினார்கள். அந்தப் பேர்வழிகளுக்கு அது சரக்குப் பறித்துவிட்டு வருகிற வேலைதான். ரங்கூனுக்குப் போகவில்லை, கொஞ்சம் அப்பாலே போனார்கள், அவ்வளவு. நூலகங்களில் தேடிப் பாருங்கள், அலமாரியில் நிற்பது ரொபின்சனின் பெயர். கடல் கடப்பது ஒரு தொழில், கடந்ததை எழுதுவது வேறு தொழில் என்பதும், இரண்டாவதில் உப்புக் குறைவு என்பதும் புரிகிறதா? புரிந்தால் நீங்கள் பாதி எழுத்தாளர்.

சாப்பாடு

இந்தத் துறையில் ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் பணத்தில் யாழ்ப்பாண ரவுணுக்கு ஒருவழி பஸ்ஸில் போகலாம். திரும்பிவர இன்னொரு கட்டுரை எழுத வேண்டும். எனக்கு ஒரு பத்திரிகை பதினொரு மாதம் பிந்திக் காசோலை அனுப்பியது. அதில் என் பெயருக்குப் பதிலாகக் கட்டுரையின் தலைப்பு இருந்தது. வங்கியில் 'வறண்ட ஏரியின் கண்ணீர்' என்ற பெயரில் அடையாள அட்டை கேட்டார்கள்.

ஆனால் தொண்டைமானாற்றுக்காரர் பட்டினி கிடந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆற்றங்கரையில் செல்வச்சந்நிதி முருகன் இருக்கிறான். அவனுக்கு அன்னதானக் கந்தன் என்று இன்னொரு பெயர். கோயிலைச் சுற்றி மடங்கள். யார் எவர் என்று கேளாமல் சோறு போடுவார்கள். சுயாதீனப் பத்திரிகையாளருக்கு இதைவிடச் சிறந்த ஓய்வூதியத் திட்டம் எந்த நாட்டிலும் இல்லை. நான் வெள்ளிக்கிழமைகளில் போவேன். அன்றைக்குக் கூட்டம் அதிகம், அடையாளம் காணமாட்டார்கள். ஒருநாள் பரிமாறிய ஐயா, "தம்பி, எழுத்து வேலை எப்பிடிப் போகுது?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றினார். வாசகரோடு நேரடித் தொடர்பு ஏற்பட்டது அந்த ஒருமுறைதான்.

சந்நிதியில் தொழில்நுட்பமும் படிக்கலாம். அங்கே பூசை செய்கிறவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, சத்தமாக மந்திரம் சொல்லாமல், மௌனமாகப் பூசையை நடத்துவார். கதிர்காமத்து வழக்கம். நான் நிருபராகப் போன முதல் வருடம் கடற்கரையில் ஒரு சம்மாட்டியாரிடம் பேட்டி எடுத்தேன். பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டால், நாற்பது நிமிடத்தில் முப்பத்தேழு நிமிடம் நான் காலநிலை மாற்றத்தை அவருக்கு விளங்கப்படுத்துகிறேன். மிச்சம் மூன்று நிமிடமும் "ஓமோம்" என்ற குரல். அதற்குப் பிறகு பேட்டிக்குப் போகும்போது கழுத்தில் ஒரு சால்வை போட்டுக்கொண்டு போகிறேன். பொறுக்க முடியாமல் வந்தால் கடித்துக்கொள்ளலாம்.

அந்தக் கதிர்காமத் தொடர்பால் இன்னொரு பயணமும் இந்த வாசலில் தொடங்குகிறது. வருடந்தோறும் அடியார்கள் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்குவார்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோயில், பொத்துவில், உகந்தை. அதற்கப்பால் குமண, யால என்று யானையும் சிறுத்தையும் கரடியும் உலாவுகிற காடு. பிறகு கதிர்காமக் கொடியேற்றம். ஏறத்தாழ இரண்டு மாதம். போகிறவர்களில் பாதிப்பேர் அறுபது தாண்டியவர்கள். கையில் ஒரு துணிப்பொட்டலம், ஒரு போத்தல், காலில் செருப்பும் சந்தேகம். என் பெரியம்மா நாலு தரம் போயிருக்கிறார். "சாகசப் பயணம்" என்று நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "நேர்த்தி எண்டு எழுது மோனை. ஆக்கள் சிரிக்கப் போகினம்" என்றார்.

செய்தி எங்கே நிற்கிறது

நிற்கிறது என்றே சொல்ல வேண்டும். தொண்டைமானாற்றில் இருக்கிற ஒரே பெரிய சுற்றுச்சூழல் செய்தி பாலத்தடியில் அசையாமல் நிற்கிறது. தடுப்பணையும் அதன் கதவுகளும். எந்த ஆசிரியரும் இதற்கு அட்டைப்படம் தரமாட்டார். எனக்கும் இது செய்தி என்று விளங்க எட்டு வருடம் எடுத்தது. அந்த எட்டு வருடமும் நான் அந்தப் பாலத்தின்மேல் சைக்கிளை நிறுத்தி வைத்துவிட்டுச் செய்தி தேடினேன்.

இதன் சங்கதி இப்படி. குடாநாட்டில் குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் கிணற்றுத் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை. மழை பெரும்பாலும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் கொட்டித் தீர்த்துவிடும். சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய அந்த நன்னீர், அடியில் இருக்கும் கடல்நீருக்கு மேலே எண்ணெய் மிதக்கிற மாதிரி மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க்காரரின் கணக்கு. மேலே அந்த ஓரடியை மிசின் பூட்டி இறைத்துவிட்டால், கீழிருந்து நாற்பது அடிக்கு உப்பு ஏறிவரும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதன் களைத்துவிடுவான், கிணறு பிழைக்கும். மிசின் களைக்காது.

ஆகவே ஏரியில் உப்புக்குப் பதிலாக மழைநீரைத் தேக்கினால் சுற்றிவரவுள்ள கிணறுகளும் இனிக்கும் என்று யோசித்தார்கள். பொறியியலாளர் ச. ஆறுமுகம் 1954இல் வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தின் சாரம் அதுதான். வன்னியிலிருந்து ஆனையிறவு நீரேரிக்கு வந்து சேர்கிற வெள்ளத்தை அங்கே மறித்து நன்னீராக்கி, முள்ளியான் கால்வாய் வழியே வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவருவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போட்டுக் கடலை வெளியே நிறுத்துவது. கதவுகள் வந்தன. கால்வாய் முழுமையாக வரவில்லை. மரப்பலகைகளைப் போரும் உப்பும் தின்றன, பிறகு புதுக் கதவுகள் வந்தன. எழுபது வருடத்துக்குப் பிறகும் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு கடதாசியில் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் 2024இல் வடமராட்சி கிழக்கு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையத்தைத் திறந்தார்கள். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். மழையைக் கடலுக்கு விட்டுவிட்டு, அதே கடலிலிருந்து உப்பைப் பிரித்து வாங்கிக் குடிக்கிறோம். கருணாகரத் தொண்டைமான் உயிரோடிருந்தால் பிரித்த உப்புக்கு விலை பேசியிருப்பார்.

இதை வைத்து எழுதுவது எப்படி? பாலத்தடிக்குப் போய் நில்லுங்கள், சால்வையோடு. வீச்சுவலை எறிகிறவர் முதலில் சொல்லுவார்: "கதவைத் திறக்கிறாங்களில்லைத் தம்பி. திறந்தாத்தானே கடல்ல இருந்து இறால் குஞ்சு உள்ளுக்க ஏறும்?" நியாயம். எழுதிக்கொள்ளுங்கள். அங்காலே போய் வெங்காயம் நட்டிருக்கிறவரைக் கேளுங்கள். "திறந்தாங்களெண்டால் என்ரை கிணறு முடிஞ்சுது." அதுவும் நியாயம். இன்னும் உள்ளே தாழ்ந்த வயல்காரர் இருப்பார். "மாரியில உவங்கள் கதவைப் பூட்டி வைச்சிருக்க, என்ரை பயிர் மூண்டு நாள் தண்ணிக்க கிடந்தது. வெள்ளத்துக்குத் திறக்கோணும், வெய்யிலுக்குப் பூட்டோணும். உது தெரியாதே?" இவற்றை எல்லாம் சேர்த்து நான் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் இரண்டுதரம் வாசித்துவிட்டு, "இதில ஆர் வில்லன்?" என்று கேட்டார். ஒருவருமில்லை என்றேன். "அப்ப ஆரைப் படம் எடுக்கிறது?" என்றார். பாலத்தைப் படமெடுத்துக் கொடுத்தேன். 'புனரமைக்கப்படுமா பாலம்?' என்ற தலைப்பில் வந்தது. வீதி அபிவிருத்திக்காரர் மறுநாள் வந்து பாலத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வாக்குரிமை இல்லாத நான்காவது தரப்பு ஒன்றும் உண்டு. பூநாரைகள். இந்த ஏரியிலும் வல்லைப் பக்கத்திலும் கூட்டமாக வந்திறங்கும். கால் நனைகிற ஆழத்தில், உப்புக் கலந்த தண்ணீரில், தலையைக் கவிழ்த்து வைத்து அரித்து உண்ணும். ஏரி ஆழமான நன்னீரானால் அவற்றுக்கு இங்கே வேலையில்லை. அதாவது கிணறு இனித்தால் பூநாரைக்கு ஆகாது, பூநாரை நின்றால் வெங்காயத்துக்கு ஆகாது. இதைத் தீர்க்கிற வழி எனக்குத் தெரிந்திருந்தால் நான் பத்திரிகையாளனாக இருக்கமாட்டேன், மாகாணசபைக்குக் கேட்டிருப்பேன். இப்போதைக்கு ஒரு சின்னச் சங்கதி: பூநாரைக்கு மேலே ட்ரோன் விடாதீர்கள். கூட்டம் மிரண்டு எழும்பிப் பறக்கும். படம் அருமையாக வரும். அவ்வளவு தீனியும் அந்த ஒரு பறப்பில் செலவாகும். நானும் ஒருமுறை விட்டேன். அந்தப் படத்தை இன்னும் சுவரில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் புகழ்வார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை.

புலனாய்வு

புலனாய்வுச் செய்தி எழுத விருப்பமானவர்கள் ஒரு தேசிக்காயோடு தொடங்கலாம். புத்தூரில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. அடி காணாத கிணறு என்று பேர். அதற்குள் தேசிக்காய் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது பரம்பரைச் செய்தி. நான் நிலாவரையில் போட்டேன். கீரிமலையில் என் சிநேகிதனை நிற்பாட்டினேன். மூன்று மணித்தியாலம் கழித்து அவன் தலை துவட்டிக்கொண்டு வந்து, "குளிப்பு நல்லாயிருந்தது" என்று அறிக்கை தந்தான்.

சிரித்துவிட்டுப் போய்விட முடியாது. சுண்ணக்கல்லுக்குள் வெடிப்பும் குகையும் ஓடுகின்றன என்பதைத்தான் அந்தத் தேசிக்காய்க் கதை தன் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தது. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் தெரிகிறது என்று 2014, 2015இல் சனம் வீதிக்கு இறங்கியபோதுதான் பலருக்கு அது உறைத்தது. தேசிக்காய் போனதோ தெரியாது, எண்ணெய் போயிருந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை ஏறி, 2019இல் 2 கோடி ரூபா இழப்பீட்டுத் தீர்ப்பு வந்தது. தோட்டங்களில் அளவில்லாமல் கொட்டுகிற யூரியாவும் அதே வழியால்தான் இறங்குகிறது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, அதனால் ஊர்வலமும் இல்லை. இந்த விஷயங்களைத் தமிழில் எளிமையாகப் படிக்க விரும்பினால் பொ. ஐங்கரநேசனின் 'ஏழாவது ஊழி' கிடைத்தால் வாங்குங்கள். இரவல் கொடுக்காதீர்கள். என்னுடையது போனது திரும்பவில்லை.

ஆபத்து இல்லாமல் என்ன சாகசம் என்று சிலர் கேட்கக்கூடும். இந்தப் பக்கத்தில் அதைத் தேடி மலையேற வேண்டியதில்லை. 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரத்தில், மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டு அறைக்குள் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். யன்னலால் சுட்டார்கள். அவர் போயிருந்த தூரம் மேசை வரைக்குந்தான். இப்போது இரவில் மணல் ஏற்றிக்கொண்டு பறக்கிற டிப்பர்களின் இலக்கத்தைக் குறித்து வைக்கும்போது எனக்கு அந்த யன்னல் நினைவு வரும். இலக்கத்தைக் குறிக்காமல் விட்ட இரவுகளும் உண்டு. வழிகாட்டி நூல்களில் இந்த இடத்தில் ஒரு துணிச்சலான வசனம் வர வேண்டும், எனக்கு வரவில்லை.

நடை பற்றிச் சுருக்கமாக. 'இயற்கை எழில் கொஞ்சும்' என்று தொடங்காதீர்கள். வல்லை வெளியில் எழில் கொஞ்சியதை யாரும் கண்டதில்லை. சைக்கிளை மறித்துத் தள்ளுகிற காற்றைத்தான் கண்டிருக்கிறார்கள். 'மனதைக் கொள்ளை கொள்ளும்' என்பதும் வேண்டாம். ஒரு மீனைச் சொல்வதென்றால் மீன் என்று சொல்லாதீர்கள். திரளியா, ஒட்டியா, மணலையா என்று கேட்டு எழுதுங்கள். பிழையாக எழுதினால் மூன்று கண்டத்திலிருந்தும் ஊரவர்கள் தொலைபேசியில் திருத்துவார்கள். வாசகர் எண்ணிக்கையை அறிய வேறு வழியும் எனக்குத் தெரியாது.

உபகரணம் ஒன்றே ஒன்று: எண்பது பக்கக் கொப்பி. நான் சில வருடமாகப் பாலத்தடிக்குக் காலையில் போய்த் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, கதவு எத்தனை திறப்பு, கடல் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று குறிக்கிறேன். கூடவே எங்கள் கிணற்றுக்கு ஒரு நிரல். உவர்மானி வாங்கக் காசில்லாததால் பெரியம்மாவின் முறையைப் பாவிக்கிறேன்: பருப்பு அவிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது. உவரும் சுண்ணாம்பும் ஏறிய தண்ணீரில் பருப்பு கல்லாட்டம் கிடக்கும். மாசியில் இருபத்தைந்து நிமிடம், ஆனியில் முக்கால் மணித்தியாலம். இந்தக் கொப்பியை எந்தப் பத்திரிகையும் இதுவரை கேட்கவில்லை.

போன ஆடியில் பெரியம்மா நாலாம் தரம் கதிர்காமம் நடந்துவிட்டு வந்து இறங்கினார். திண்ணையில் காலை நீட்டி இருந்தார். குதிக்கால் இரண்டும் வெடித்திருந்தன. நான் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, யால காட்டுக்குள் என்ன கண்டீர்கள் என்று கேட்டேன். சால்வையையும் கடித்துக்கொண்டேன்.

"ஒரு யானை நிண்டது. முருகா எண்டு நாங்களும் நிண்டம். பிறகு அது போட்டுது."

"பிறகு?"

"பிறகு நாங்களும் போட்டம்." தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கவிழ்த்து வைத்தார். "நீ இவ்வளவு நாளும் எங்கை போனனி?"

"பாலத்தடிக்குத்தான் பெரியம்மா. தண்ணி அளக்க."

"எவ்வளவு நிக்குது?"

சொன்னேன். போன கிழமையிலும் அரை அடி குறைவு. பெரியம்மா கொஞ்ச நேரம் மனதுக்குள் கணக்குப் பார்த்தார்.

"அப்ப இண்டைக்குப் பருப்பு அவியாது" என்று சொல்லி எழும்பி, கொத்தாகக் கட்டியிருந்த முருங்கைக்காயை எடுத்து வெட்டத் தொடங்கினார்.